8 லட்சம் எரிந்தது, 4.75 லட்சம்தான் வருமா?

கேள்வி: ஈரோட்டில் சொந்தமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். மின்கசிவில் தீப்பிடித்து 8 லட்ச ரூபாய் சரக்கு எரிந்துவிட்டது. பேங்க் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடனுக்காக எடுத்த பாலிசி 20 லட்சத்துக்கு இருக்கிறது. கடையில் 32 லட்சம் சரக்கு இருந்ததாக, நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எழுதியதால், ‘அண்டர் இன்சூரன்ஸ், ஆவரேஜ், எக்சஸ்’ என்று கழித்து 4.75 லட்சம்தான் தருகிறார்கள். பணம் பெற்றுக் கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக் கேட்கும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

32 லட்சம் சரக்கை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தால் அதுதான் அண்டர் இன்சூரன்ஸ். மீதி 12 லட்சத்துக்கான ரிஸ்க் உங்கள் தலையில். அதே விகிதத்தில் நஷ்டத்தையும் பிரிப்பதுதான் ஆவரேஜ்: 8 லட்சத்தில் 32க்கு 20 பங்கு, அதாவது 5 லட்சம். ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு எக்சஸ். அதற்கு 25,000 போனது. கணக்கில் பிழையில்லை. கடன் தொகையை மட்டும் பார்த்துப் பாலிசி போட்டால், கடையில் உள்ள சரக்கின் முழு மதிப்புக்கு அது போதாமல் போகலாம்.

ஆனால் அந்த 32 லட்சம் எங்கிருந்து வந்தது? சர்வே ரிப்போர்ட் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பனை விலையில் மதிப்பிட்டிருந்தால் மறுக்கலாம். கொள்முதல் பில்லும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் கையில் இருக்கட்டும். பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் (சரக்கு இருப்புக் கணக்கில்) இருந்து எடுத்திருந்தால் சிக்கல். கடன் வரம்புக்காக அதில் கூட்டி எழுதும் பழக்கம் ஊரறிந்தது. இப்போது ‘அது பொய்’ என்று நீங்களே சொல்ல முடியாது.

இன்னொன்று: பாலிசியின் பெயரைப் பாருங்கள். சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்றால் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ளக் கூடாது. சரக்கு மதிப்பு 23 லட்சத்துக்குள் என்று நிரூபித்தால் ஆவரேஜே கிடையாது.

சர்வேயர் எழுதியதே முடிவல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ‘முழுத் தொகையும் பெற்றுத் தீர்ந்தது’ என்று கையெழுத்துப் போட்ட பிறகும், ஏமாற்றியோ நிர்ப்பந்தித்தோ வாங்கியது என்று காட்டினால் வழக்குப் போடலாம் (1999, அஜ்மேர் சிங் காட்டன் வழக்கு). ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. பணம் அவசரம் என்றால், ‘ஆட்சேபணையுடன் பெறுகிறேன்’ என்று முன்கூட்டியே இமெயில் அனுப்பிவிட்டு, அதையே வவுச்சரிலும் எழுதிப் பெறுங்கள்.

அப்புறம், கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், சென்னையில் உள்ள, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். தனி உரிமையாளர் கடைக்கும் அங்கே இடமுண்டு. கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு ஆண்டு அவகாசம்.