தோள் பின்பக்கம் கழன்றால்: கேள்வி பதில்

அப்பாவுக்கு வலிப்பு வந்து 10 நாள் ஆகிறது. அதிலிருந்து வலது கை வெளிப்பக்கம் திரும்பவில்லை. எக்ஸ்-ரே நார்மல், ஃப்ரோசன் ஷோல்டர் (தோள் மூட்டு இறுகிப்போவது) என்று பிசியோதெரபி நடக்கிறது. சரிதானா?

பிசியோதெரபியை இன்றே நிறுத்துங்கள். வலிப்புக்குப் பிறகு கை வெளியே திரும்பவில்லை என்றால் மூட்டு பின்பக்கம் கழன்றிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தோள் கழன்று வருகிறவர்களில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்குத்தான் இப்படி ஆகும், அதனால்தான் கோட்டை விடுகிறோம். வலிப்பில் எல்லாத் தசையும் ஒன்றாக இறுகும். கையை உள்பக்கம் திருப்பும் தசைகளுக்கே வலு அதிகம் என்பதால் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தோள் குழியிலிருந்து பின்னால் போய்விடும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் அது குழியில் இருப்பது போலவே தெரியும். உற்றுப் பார்த்தால்தான் தலை பல்பு மாதிரி உருண்டு நிற்பது பிடிபடும். அக்குள் பக்கமிருந்து ஒரு எக்ஸ்-ரே கேளுங்கள். கையை விரிக்க முடியாவிட்டால் சிடி ஸ்கேன்.

முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை அவராகவே வெளியே திருப்பச் சொல்லுங்கள். முன்கை நேர் முன்னால் பார்க்கும் நிலையைக்கூடத் தாண்டவில்லை என்றால் என் சந்தேகம் வலுக்கிறது. நீங்கள் பிடித்துத் திருப்ப வேண்டாம்.

பின்பக்கம் கழன்றுதான் இருக்கிறது என்றால் ஆபரேஷன்தானா?

மூன்று வாரத்துக்குள் தெரிந்து, குழியின் விளிம்பு இடித்து தலையில் விழுந்த பள்ளமும் சிறிதாக இருந்தால், மயக்க மருந்து கொடுத்துக் கையாலேயே ஏற்றிவிடலாம். பள்ளம் அந்தத் தலையில் கால் பங்கைத் தாண்டினால் பெரும்பாலும் ஆபரேஷன். பாதியை நெருங்கினால், அதுவும் வயதானவர் என்றால், செயற்கை மூட்டு பற்றிப் பேசுவோம். அப்புறம் ஒன்று: ஏற்றிய பிறகு கையை வயிற்றோடு அணைத்துக் கட்டினால் மறுபடி கழலக்கூடும். முன்கை நேர் முன்னால் அல்லது கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்தபடி 4 முதல் 6 வாரம் இருக்க வேண்டும்.

எனக்கு ஷாக் அடித்தது, கீழே விழவில்லை. ஆனால் இரண்டு தோளும் அசையவில்லை.

விழாமலேயே கழலும். ஷாக்கிலும் தசை அப்படித்தான் இறுகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கிறவரும் ஏமாறுவார். இரண்டையும் படமெடுக்கச் சொல்லுங்கள், இதயத்துக்கு ஈசிஜியும்.

விழுந்ததில் தம்பியின் கை தலைக்கு மேலே தூக்கியபடியே நின்றுவிட்டது. இறக்கிவிடலாமா?

வேண்டாம். அது கீழ்ப்பக்கம் கழன்றது, தோள் கழன்றவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட வராது. அக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கியிருக்கலாம். கை இருக்கிற நிலையிலேயே தலையணை வைத்துத் தாங்கி, உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா, தோளின் வெளிப்புறத் தோல் மரத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, போனதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மரத்துப்போனது பலருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். நாடி இல்லை என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.