405: ஜெயிக்காத அணியின் சாதனை

அன்புள்ள ஐயா,

பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பந்தயத்தில் பதிவான உச்ச வேகம், மணிக்கு 405 கி.மீ., 1988ல் டபிள்யூஎம் என்ற பிரெஞ்சு அணியின் பெயரில் இருக்கிறது. அந்த அணியோ ஒருமுறைகூட அங்கே முதலிடம் பிடித்ததில்லை. அந்த வருடமும் கார் பாதியில் நின்றுவிட்டது. ஒரு நாள் முழுக்க ஓட வேண்டிய பந்தயத்தில் சில நொடி வேகத்துக்காகக் காரைப் பலி கொடுப்பது வெறும் விளம்பர வித்தைதானே? அதுவும் பெஜோ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 405 கார் புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த சமயம். சரி, இந்தச் சாதனையை இனி யாராவது முறியடிப்பார்களா?

க., கோவை

அன்புள்ள க.,

விளம்பரம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ரேடார் 407 காட்டியதாகவும், புதுக் காரின் பெயரோடு பொருந்தட்டும் என்று 405ஐயே அறிவித்ததாகவும் ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. கதை உண்மையோ பொய்யோ, பெஜோ அந்த எண்ணை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

ஆனால் அந்தக் காரைச் செய்தவர்கள் யார் என்று பாருங்கள். டபிள்யூ என்பது ஜெரார் வெல்டர், எம் என்பது மிஷேல் மோனியே. இருவரும் பெஜோவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். வெல்டர் கார்களின் வெளி வடிவத்தை வரைபவர். 1983ல் வந்து சக்கைப்போடு போட்ட பெஜோ 205ன் தோற்றம் அவர் கைவண்ணம். பிற்பாடு அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். 1969ல் இந்த இருவரும் சேர்ந்து சொந்தமாகப் பந்தயக் கார் செய்யத் தொடங்கினார்கள். பாரிசுக்குக் கிழக்கே தோரின்யி என்ற ஊரில் பட்டறை. ஆபீஸ் முடிந்த பிறகும் சனி ஞாயிறுகளிலும்தான் அங்கே வேலை நடக்கும். கூட வந்தவர்களும் அப்படித்தான், நண்பர்கள், சக ஊழியர்கள், சம்பளம் கேட்காதவர்கள். 1976ல் முதல் முறையாக லெ மானுக்கு வந்தார்கள்.

எஞ்சினும் பந்தயத்துக்கென்று பிறந்ததல்ல. பெஜோ, ரெனோ, வால்வோ மூன்றும் கூட்டாகச் செய்த, வி6 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. பெஜோ 604 போன்ற குடும்பக் கார்களில் ஓடியது, டெலோரியன் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் அதேதான். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளி வலுவைக் கூட்டும் டர்போக்கள் இரண்டை அதில் மாட்டினார்கள். 1980ல் கி ஃப்ரெக்லானும் ரோஜே டோர்ஷியும் ஓட்டி ஒட்டுமொத்தத்தில் நான்காவதாக வந்தார்கள். பகுதி நேரப் பட்டறைக்கு இது பெரிய விஷயம். ஆனால் லெ மான் ஊர்க்காரரான ஜான் ரோண்டோ தன் பெயரிட்ட காரைத் தானே ஓட்டி ஜெயித்த வருடம் அது. அந்த ஆரவாரத்தில் நான்காம் இடத்தை யார் கவனிப்பார்கள்? மறு வருடம் நேர்மாறு. தியரி பூட்சன் ஓட்டிய டபிள்யூஎம் கார் நெடுஞ்சாலைப் பகுதியில் சிதறி, பாதையோரம் நின்ற கண்காணிப்பு ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

1982ல் இவ்வகைப் பந்தயக் கார்களுக்கு குரூப் சி என்ற புது விதிகள் வந்தன. அந்த விதியில் இருக்கிறது உங்கள் கேள்விக்கான பதில். ஒவ்வொரு காருக்கும் எரிபொருளுக்கு ஒரு உச்ச அளவு. 1988ல் முழுப் பந்தயத்துக்கும் 2,550 லிட்டர்தான். டர்போ அழுத்தத்தை ஏற்றினால் வேகம் கூடும், பெட்ரோல் தீரும், எஞ்சின் சூடாகும். கடைசிவரை ஓட நினைப்பவர்கள் அழுத்தத்தைக் குறைத்து, சிக்கனமாக ஓட்டியே ஆக வேண்டும். போர்ஷே, ஜாகுவார் போன்ற முழுநேர அணிகளுக்கு அதற்கான பணமும் ஆளும் இருந்தன. வெல்டர் கூட்டத்துக்கு இல்லை. இறுதிக்கோட்டைப் பற்றிய ஆசையை விட்டால் எரிபொருள் கணக்கும் இல்லை. வடிவம் வரைபவர் ஒருவர் காற்றோடு மல்லுக்கட்டுவதில் யாருக்கும் சளைத்தவரல்ல. பந்தயத்தின் நடுவே 400ஐத் தாண்டுவதென்று முடிவு செய்தார்கள். பின்னால் நீண்ட வாலும், காற்றுத்தடை குறைந்த உடலுமாகக் கார் செய்தார்கள். 1987ல் 400 எட்டவில்லை.

அடுத்த வருடம் ஜூன் 11, சனிக்கிழமை. லெ மான் சுற்றுப்பாதையில் உனோதியேர் நேர்பாதை கிட்டத்தட்ட 6 கி.மீ.; மற்ற நாட்களில் லாரியும் டிராக்டரும் போகும் பொதுச் சாலைதான். டோர்ஷி டர்போ அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, பி88 என்ற அந்த வருடக் காரை அதில் விட்டார். 405 என்றால் நொடிக்கு 112 மீட்டர். நேர்பாதை என்று பெயரே தவிர, கடைசியில் வலப்பக்கமாக ஒரு மெல்லிய வளைவு உண்டு. அந்த வேகத்தில் வண்டி ஓட்டியின் கண்ணுக்கு அது உண்மையான வளைவாகவே தெரிந்திருக்கும்! அப்புறம் நடந்தது நீங்கள் படித்ததுதான்: டர்போவும் குளிர்விப்பும் கைவிட, இரவிலேயே கார் விலகியது. கோப்பை ஜாகுவாருக்குப் போனது.

இதை வித்தை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. முழுநேர அணியொன்று இப்படிச் செய்திருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். இவர்கள் தங்களால் எது முடியும் என்று கணக்குப் போட்டு, அதைச் சொல்லிவிட்டே செய்தார்கள்.

முறியடிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இன்றைய பாதையில் வாய்ப்பே இல்லை. எந்த நேர்பாதையும் 2 கி.மீ.க்கு மேல் நீளக் கூடாது என்ற சர்வதேச விதியால், 1990ல் உனோதியேரில் இரண்டு இடங்களில் குறுக்கு வளைவுகள் போட்டுவிட்டார்கள்.

டபிள்யூஎம் 1989க்குப் பிறகு நின்றுபோனாலும் வெல்டர் நிற்கவில்லை. டபிள்யூஆர் என்ற பெயரில் சின்னக் கார்கள் செய்தார். 1995ல் நான்கு சிலிண்டர் பெஜோ டர்போ எஞ்சினோடு தகுதிச்சுற்றில் முதல் இரண்டு இடங்களையும் அவர் கார்களே பிடித்தன. பந்தயம் வழக்கம்போலக் கைக்கு வரவில்லை, மெக்லாரன் ஜெயித்தது. 2018ல் காலமானார். எல்லோரும் 405ஐப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த 1995 தகுதிச்சுற்றுதான் பெரிதாகப் படுகிறது. 13 கி.மீ.க்கு மேல் நீளும் முழுச் சுற்றையும், வளைவும் பிரேக்கும் உட்பட, எல்லோரையும் விட வேகமாக முடித்தார்கள் அல்லவா?