‘ஒண்ணும் பண்ணாது’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் கோவையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் சுண்டல் என்று ஒரு நாய். ஜாதி நாய் இல்லை, தெருவில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்தோம். நான்கு வயது. கருத்தடை செய்தாயிற்று, வருடம் தவறாமல் ஊசியும் போடுகிறோம். போன வாரம் காலையில் அதை நடக்கக் கூட்டிப்போன வழியில், பால் வாங்க ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோருக்குள் நுழைந்தேன். இரண்டு நிமிட வேலை. "நாயை வெளிய கட்டிட்டு வாங்கம்மா" என்று செக்யூரிட்டி சத்தம் போட்டார். வெளியே ஒரு ஸ்கூட்டரில் கட்டிவிட்டுப் போனேன். நான் திரும்புவதற்குள் தெருநாய்கள் மூன்று அதைச் சூழ்ந்துவிட்டன. காதெல்லாம் ரத்தம்.

என் தம்பி மியூனிக்கில் இருக்கிறான். அங்கே ரயில், ஹோட்டல், துணிக்கடை எல்லா இடத்திலும் நாய் போகிறதாம். இங்கே மட்டும் ஏன் இப்படி? நாய் என்றால் தீட்டு என்கிற பழைய புத்திதானே? நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கே வரமாட்டேன் என்று தருமர் சொன்ன நாடு இது. கடைகளிலும் அரசு அலுவலகங்களிலும் வளர்ப்புப் பிராணிகளை அனுமதிக்க வேண்டும் என்று நீங்கள் எழுத வேண்டும்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் சுண்டலின் காது. தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், தெருநாய் கடித்தால் மறுபடி ஓர் ஊசி போட வேண்டும். இன்னும் கால்நடை மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். கடிதம் எங்கும் போய்விடாது.

காட்டிவிட்டீர்களா? சரி.

நீங்கள் கேட்டபடி மொத்தமாக ‘அனுமதிக்க வேண்டும்’ என்று என்னால் எழுத முடியாது. நீங்கள் சொல்கிற காரணம் மட்டும்தான் காரணம் என்றும் எனக்குப் படவில்லை. யோசித்துப் பார்த்தால், நம் ஊர்க் கடைகளுக்கு வாடிக்கையாளர் போகிற ‘உள்ளே’ என்று ஒன்று பெரும்பாலும் இருந்ததே இல்லை. நான் சின்ன வயதில் சாமான் வாங்கிய மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அண்ணாச்சி, மேலே தொங்குகிற நூல் உருண்டை, முன்னால் வரிசையாகச் சாக்குகள். நாங்கள் நின்றது தெருவில். ஒரு கால் படியில், ஒரு கால் சாக்கடை மேல் போட்ட கல்லில். சிட்டையை நீட்டினால் பொட்டலம் வரும். எங்களோடு வந்த நாயும் அங்கேயேதான் நிற்கும், இல்லாவிட்டால் படிக்குக் கீழே நிழலில் படுத்திருக்கும். யாரும் அதை அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இன்றைக்கும் தெருமுனை மெடிக்கல் ஷாப் அப்படித்தான் இருக்கிறது.

உள்ளே இருந்த ஒரே பிராணி பூனை. அரிசி மூட்டை மேல் சுருண்டு கிடக்கும். எழுப்பாமல் பக்கத்து மூட்டையிலிருந்து அரிசியை அள்ளுவார்கள். அது சுத்தமா என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் எலி அதைவிட அசுத்தம். அரிசி மண்டிப் பூனை கடையில் வேலைக்கு இருக்கிறது. உங்கள் சுண்டல் வாடிக்கையாளராகப் போகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாமே எடுத்துக்கொள்கிற கடைகள் வந்த பிறகுதான் நமக்கு இந்த ‘உள்ளே’ கிடைத்தது. இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் மூன்றடி வழி, இடுப்பு உயரத்தில் திறந்து வைத்த பருப்புத் தொட்டி. பழைய கடையில் நாயைக் கண்டு பயப்படுகிறவர் இரண்டடி தள்ளித் தெருவில் நிற்பார், விஷயம் முடிந்தது. இங்கே ஷாம்புக்கும் கடலைப்பருப்புக்கும் நடுவில் அவர் எங்கே தள்ளி நிற்பார்? இந்த விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நாய் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம்.

அந்தப் பயத்தை ‘பழைய புத்தி’ என்று நான் சொல்ல மாட்டேன். என் பெரியப்பா மகனை எட்டு வயதில் நாய் கடித்தது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாராகிக்கொண்டிருந்த பழைய வகை மருந்து, ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. தினம் ஒன்று என்று பதினான்கு நாள். காலையில் பெரியம்மா சட்டையை எடுத்தாலே அண்ணன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஐந்தாவது நாளுக்கு மேல் குத்த இடம் தேடினார்கள் என்று பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மருந்து இந்தியாவில் நின்றது 2004-இல்தான். இப்போது அரசு மருத்துவமனையில் கையில், தோலுக்குள் போடுகிறார்கள்: கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். வலி குறைந்துவிட்டது. ஆனால் வெறிநோய்க்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியம் கிடையாது என்பது மாறவில்லை. மனிதர்களுக்கு வருகிற வெறிநோயில் 99 சதவீதம் நாய் வழியாக வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் அண்ணனுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. சுண்டலின் தடுப்பூசி அட்டையை நீங்கள் கழுத்தில் மாட்டிவிட்டாலும் அவர் அந்த வரிசைக்குள் வரமாட்டார்.

நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் இருக்கிறது. "ஒண்ணும் பண்ணாது." நானும் நாய் வளர்த்தவன், சொல்லியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒருநாள் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு லாப்ரடாரும் அதன் உரிமையாளரும். மூன்றாம் மாடிப் பையன், யு.கே.ஜி. படிக்கிறவன், புத்தகப் பையை முன்பக்கம் திருப்பி மார்போடு அணைத்துக்கொண்டான். "ஒண்ணும் பண்ணாது, வாடா" என்றார் அவர். நாய் உண்மையிலேயே ஒன்றும் பண்ணவில்லை, வாலைத்தான் ஆட்டியது. பையன் படியேறிப் போனான். சட்டப்படி பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். வளர்ப்பு நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடுக்க முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. (இந்த வாரியத்தின் முதல் தலைவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்.) ஆனால் "நீ முதல்ல போப்பா, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று சொல்ல அவருக்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறின. அவை தெருநாய்கள் அல்ல, வீட்டில் வளர்ந்தவை. சென்னையில் நாய் வளர்க்க உரிமம் வேண்டும், அப்போது கட்டணம் ஐம்பதே ரூபாய். அந்த விதி அதற்கு முன்பே இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

இப்போது உங்கள் தம்பியின் ஊர். அவர் சொன்னது சரி, பாதிதான் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை வாசலில் ஒரு நாய்ப்படம் ஒட்டியிருப்பார்கள், கீழே ‘நாங்கள் வெளியேதான் இருக்கணும்’ என்று நாயே சொல்வதுபோல ஒரு வரி. உணவுப் பொருள் கடைக்குள் பொதுவாக அங்கேயும் விடமாட்டார்கள். ரயிலில் பெரிய நாய்க்கு டிக்கெட் எடுக்க வேண்டும், வாய்க்கூடு மாட்ட வேண்டும். வருடாவருடம் உள்ளாட்சிக்கு நாய் வரி வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே தெருநாய் இல்லை. நரிகளிடம் இருந்த வெறிநோயைக்கூட, மருந்து வைத்த தீனியைக் காடுகளில் போட்டு ஒழித்து, 2008-இல் ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே கடைக்குள் நாயைப் பார்க்கிறவருக்கு நாய் என்றால் நாய். இங்கே நம் ஆளுக்கு, நேற்று இரவு பைக்கைத் துரத்தியதும் சேர்ந்தே ஞாபகம் வரும். சுண்டலை வெளியே கடித்ததும் உள்ளே விடாததும் ஒரே காரணத்தால்தான்: தெருநாய்.

தீட்டு பற்றி. இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊரில் அந்தக் கதை தலைகீழாகவும் நடந்திருக்கிறது. நாய் நடக்கிற தெருவில் நாங்கள் ஏன் நடக்கக் கூடாது என்று 1924-இல் வைக்கத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் கேட்க வேண்டியிருந்தது. ஆடுமாடு குடிக்கிற குளத்தில் தண்ணீர் குடிக்க 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் ஊர்வலமாகப் போக வேண்டியிருந்தது. அதெல்லாம் பழங்கதை என்றால், வேட்டி கட்டியவரை உள்ளே விடாத கிளப்புகளுக்காகத் தமிழக அரசு 2014-இல் தனிச்சட்டமே போட்டது. 2023-இல் சென்னையில் ஒரு திரையரங்கு, டிக்கெட் கையில் இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தியது. ‘செல்லப் பிராணிகளுக்கு நல்வரவு’ என்று எழுதிய ஒரு மால் வாசலில் நானே பார்த்தேன். ஷிட்ஸு என்கிற வெளிநாட்டுச் சடைநாய் ஒன்று தள்ளுவண்டியில் உட்கார்ந்து போயிற்று, செக்யூரிட்டி குனிந்து கதவைத் திறந்தார். பின்னால் வந்த லுங்கிக்காரரின் மஞ்சப்பையைத் துழாவிவிட்டு, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். மாலில் யாரைப் பார்ப்பார்கள்? உங்கள் சுண்டலைக்கூட அந்த மாலில் விட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஷிட்ஸுவுக்கு உள்ள ஜாதகம் நாட்டு நாய்க்கு இல்லை.

என் நிலை இதுதான். நாம் விரும்பிப் போகிற இடம் என்றால், காபிக் கடை, புத்தகக் கடை, மால் போல, முதலாளி முடிவு செய்யட்டும். வாசலில் தெளிவாக எழுதிப்போடட்டும். பிடிக்காதவர் வேறு கடைக்குப் போவார். எல்லோரும் போயே ஆக வேண்டிய இடம், ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, டவுன் பஸ் என்றால், வேண்டாம். அங்கே பயப்படுகிறவருக்கு வேறு வழி இல்லை. உங்கள் டிபார்ட்மென்டல் ஸ்டோர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் பருப்புத் தொட்டி திறந்திருக்கிறவரை நான் செக்யூரிட்டி பக்கம். சத்தம் போட்டது மட்டும் தப்பு.

பார்வையற்றவரின் வழிகாட்டி நாய் இந்தக் கணக்கில் வராது. அதை எங்கேயும் நிறுத்தக் கூடாது. அமெரிக்கச் சட்டத்தில் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: உடற்குறைக்காகத் தேவைப்படுகிற நாயா, என்ன வேலை பழக்கியிருக்கிறது. சான்றிதழ் கேட்க முடியாது. விமானங்களில் மன ஆறுதலுக்கான பிராணி என்று இன்னொரு வாசலும் திறந்திருந்தது. 2018-இல் ஒரு பெண்மணி மயிலோடு வந்து நின்றார், ஏற்றவில்லை. (நம் ஊராக இருந்தால் மயிலுக்குக் கற்பூரம் காட்டி முன்வரிசையில் உட்கார வைத்திருப்போம்.) 2021 தொடக்கத்திலிருந்து அந்த வாசலை மூடிக்கொள்ள விமான நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அரசுக் கட்டடங்களில் அனுமதி வேண்டும் என்கிறீர்கள். எந்த அரசு மருத்துவமனை வராந்தாவில் நாய் இல்லை? கட்டிலுக்கு அடியில் நோயாளியின் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கருத்தடை செய்து அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அத்தனை நாய்க்கும் காப்பகம் எங்கே என்பது இன்னொரு கடிதத்துக்கான விஷயம்.

தருமரைப் பற்றி ஒன்று. இந்திரன் அவரையும் வாசலில் நிறுத்தித்தான் கேட்டான். அவர் சண்டை போட்டு ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அங்கே இடநெருக்கடி இல்லை.

அந்தக் கடையில் போய் ஒன்று கேட்டுப் பாருங்கள். செக்யூரிட்டி கண்ணில் படுகிற மாதிரி வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கொக்கி, கீழே ஒரு தண்ணீர்ச் சட்டி. சுண்டலைத் தெருநாய்கள் சுற்றி வளைத்தால் விரட்ட ஆள் இருப்பார். உங்கள் கடிதம் வந்த பிறகு எங்கள் தெரு அண்ணாச்சியிடம் நானும் கேட்டேன். "கொக்கிதானே, இருக்கே சார்" என்று மேலே காட்டினார். வாழைத்தார் தொங்கவிடுகிற கொக்கி. எட்டாவிட்டால் ஸ்டூல் தருகிறாராம்.

அன்புடன்,
நான்