பொன்னுருக்கலுக்கும் தாலிக்கும் இடையில்

அன்பின் அக்கா,

கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பும் ஆங்கில மர்மக்கதைகளை விரும்பி வாசிப்பவள் நான். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பொலிசில் இல்லாத ஒரு பெண் துப்பறிவாள், இரத்தம் கண்ணில் படாது. அண்மையில் வாசித்த ஒன்றில் கதாநாயகி தன் கலியாண ஏற்பாடுகளைச் செய்துகொண்டே ஒரு கொலையைத் துலக்குகிறாள். இப்படி ஒன்றை யாழ்ப்பாணத்தில் வைத்து எழுத ஆசை. ஆனால் எங்கள் மணப்பெண்ணை யார் வெளியே விடுவார்கள்? இவ்வளவு சாவைக் கண்ட ஊரில் ஒரு பிணத்தை வைத்துப் பொழுதுபோக்குக் கதை எழுதுவது சரியா?

வாசகி, சாவகச்சேரி

அன்பின் தங்கைக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பிணம் வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் வீதியோரம் இருந்த வடக்கில், ‘யார் கொன்றது’ என்பதை விளையாட்டுக் கேள்வியாக வைக்க என் கை ஓடாது. இந்தக் கதைவகைக்குக் கொலை கட்டாயமும் இல்லை. தெரிந்த மனிதர்களுக்குள் நடந்த ஓர் அநியாயமும், அதைக் காது கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடிக்கும் ஒருத்தியும் போதும். அநியாயத்துக்கு யாழ்ப்பாணத்தில் காணி இருக்கிறது. கலியாணப் பேச்சு தொடங்கியவுடன் சீதன உறுதி, அதாவது சீதனக் காணியின் பத்திரம், பெட்டியை விட்டு வெளியே வரும். காணி அளவில் எத்தனை பரப்பு, எத்தனை குழி, எல்லைக்கு யார், கிணற்றில் எவ்வளவு பங்கு என்று இரண்டு வீட்டாரும் வாசிப்பார்கள். மணப்பெண்ணும் ஒருமுறை வாசிக்கட்டும். கதை அங்கே தொடங்கட்டும்.

ஒரு காணி உறுதி செல்லுபடியாக, அதை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். 1840 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அதுதான் நடைமுறை. கைச்சாத்திட்ட நாளும் இடமும் கடைசியில் எழுதப்படும். உங்கள் பெண்ணுக்குக் கோண்டாவிலில் நான்கு பரப்புக் காணி சீதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காணிக்காரியான ஒரு விதவையிடமிருந்து தாய்மாமன் வாங்கியது. உறுதியில் உள்ள திகதி 1995 நவம்பர். கைச்சாத்திட்ட இடம் கோண்டாவில். இலக்கம், முத்திரை, சாட்சிகள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. வேறு ஊர்க்காரர் அதில் ஒரு பிழையும் காண மாட்டார்.

இராணுவம் முன்னேறி வந்தபோது, 1995 ஒக்டோபர் 30 இரவு, கோண்டாவில் அடங்கிய வலிகாமத்துச் சனம் உங்கள் தென்மராட்சிக்கு நடந்தது. நீங்கள் சாவகச்சேரிக்காரி; உங்கள் வீட்டு விறாந்தையிலும் எத்தனையோ குடும்பங்கள் படுத்திருக்கும். அந்த நவம்பரில் கோண்டாவிலில், போக மறுத்த சில முதியவர்களைத் தவிர ஆளில்லை. அங்கே நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கூடியிருந்து காணி எழுதினார்கள் என்பதை எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்?

இது மணப்பெண்ணுக்குத் தெரியாது. அவள் பிறந்தது அதன் பிறகு. தெரிந்தவர்கள் அவளிடம் வருவார்கள். உங்கள் முதலாவது கேள்விக்கு என் பதிலும் இதுதான். அவள் வெளியே போகத் தேவையில்லை. தாலிக்குரிய பொன்னை உருக்கும் பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில் முடிந்துவிட்டால், தாலி ஏறும் நாள் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்ப்பதில்லை; பெண் வாசல் தாண்டுவதும் இல்லை. ஆனால் ஊர் முழுவதும் அந்த வாசலுக்குள் வரும். பலகாரச் சூட்டுக்கு அயலட்டைப் பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி பயத்தம் பணியாரத்துக்கு மா பிசைவாள், ஒருத்தி அரியதரம் சுடுவாள், மூன்றாமவள் இடப்பெயர்வுக் கதையைத் தொடங்குவாள். “அந்த நவம்பர் முழுக்க உன் மாமன் எங்களோடு கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில்தானே படுத்திருந்தார்” என்று ஒரு வாய் சொல்லும். தாச்சிக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு அது பழைய துயரம். பெண்ணுக்கோ அது சாட்சியம். போரை எழுத வேண்டிய விதமும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. ஷெல்லும் ஓட்டமும் வேண்டாம். அயலவர்களின் நினைவு ஒரு பொய்யை உடைக்கட்டும்.

காலக்கெடுவைச் சட்டமே உங்களுக்குத் தந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அதற்கு உட்பட்டவர்களின் திருமண உரிமைகளை 1911 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. அதன்படி மணமான பெண், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது. சீதனத்தை முன்கூட்டியே அவள் பெயருக்கு எழுதிவிட்டார்கள் என்றால், விதவையின் மகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க இன்று அவளுடைய கையெழுத்து மட்டும் போதும். கலியாணத்துக்குப் பிறகு இன்னொருவனின் கையெழுத்தும் வேண்டும். இதில் கவனமாக இருங்கள்: எங்கள் ஊரில் பலர் தாலிக்கு மாதக்கணக்கில் முன்பே எழுத்தை, அதாவது சட்டப்படியான திருமணப் பதிவை, முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதிவிட்டால் கெடு அன்றோடு முடிந்தது. சட்டம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். எழுத்தையும் தாலியையும் ஒரே நாளில் வையுங்கள். மாப்பிள்ளை மட்டக்களப்புக்காரராக இருந்தாலும் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். தேசவழமைக்கு உட்படாதவரை மணக்கும் பெண்ணை, அந்த மணம் நீடிக்கும்வரை அது கட்டுப்படுத்தாது.

காலம் 2017 ஆகட்டும். ‘பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு அனுபவித்துவிட்டேன், இனி என்னுடையது’ என்று மாமன் வாதாடலாம். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், போரால் உரிமை கோர முடியாமற் போனவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்கிறது. 2017 இல் மாமனிடம் பத்து வருடம் இல்லை.

மாமனைக் கொடியவராக்க வேண்டாம். தகப்பன் இல்லாத மருமகளுக்குச் சீதனம் தேட வழியில்லாமல் செய்தவர் அவர். மணவறைக்கு முன்னால் நிற்கப் போகிறவரும் அவர்தான். அவளுக்கு அவர்மேல் உள்ள அன்பு குறையக்கூடாது, விதவையின் மகளுக்குச் சேர வேண்டியதும் குறையக்கூடாது. இந்த இரண்டும் சேரும் அத்தியாயத்தில்தான் நீங்கள் அதிக நாள் செலவழிக்க வேண்டும். நான் எழுதினால் அவளை மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுக்க வைப்பேன். முகம் பார்க்க முடியாது. குரலை மட்டும் கேட்டு, சீதனம் இல்லாமல் வரும் தன்னை அவன் ஏற்பானா என்பதை அவள் அறிய வேண்டும். அதுவும் துப்பறிதலே.

எழுதத் தொடங்குமுன் ஒரு காணி உறுதியை எல்லைகளோடும் சாட்சிகளோடும் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கும், அம்மாவிடம் கேளுங்கள்.