கொச்சியிலிருந்து சீஷெல்ஸுக்குப் பாய்மரப் படகில்

குன்னூரிலிருக்கும் நீங்கள் இருவர் கொச்சியிலிருந்து சீஷெல்ஸுக்குப் பாய்மரப் படகில் போக எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மாதம். ஜனவரியில் கிளம்புங்கள், வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். தூரம் சுமார் 1,500 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஒரு நாளைக்கு 120 கடல் மைல், அதாவது 13 நாள். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்றில்லாமல் பாய் துவண்டு தொங்கும்; 20 நாளுக்குக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றால் 160 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் பாதி கையிருப்பு. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள்.

அப்புறம் காய்கறி. மெஷினில் கழுவிப் பளபளக்கும் கேரட் சீக்கிரம் அழுகிவிடும். உங்கள் குன்னூருக்கு அருகே கேத்திப் பக்கம் தோட்டத்திலேயே, மண் ஒட்டியபடி வாங்கி நிழலில் உலர்த்துங்கள். உருளைக்கிழங்கும் அப்படியே, ஆனால் வெங்காயத்தோடு சேர்க்காமல்.