பாக்கில் ஒன்றே ஒன்று என்றால்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால், கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். 1741இல் அச்சான கீபோர்டு படைப்பு. யோசிக்காமல் அதையே எடுங்கள்.

பாக்கின் செயின்ட் மேத்யூ பேஷனை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன், பாக் எனக்கு ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். காதில் கோளாறு இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஜெர்மன் மொழியில் பாடப்படும் கதை அது. வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால் யாருக்கும் நழுவும்.

கோல்ட்பெர்க்கில் வார்த்தையே இல்லை. ஓர் ஏரியா, அதாவது தொடக்கப் பாடல் போன்ற ஒரு மெட்டு; அப்புறம் அதன் அடித்தளத்தின் மேல் 30 வேரியேஷன்கள், அதாவது மாற்று வடிவங்கள்; கடைசியில் அதே ஏரியா.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏரியாவில் மேலே மினுக்கும் மெட்டை விட்டுவிட்டு இடது கையை மட்டும் கவனியுங்கள். முதல் நான்கு பாரில் (தாள அளவில்) அடிச்சுரம் ஒவ்வொரு படியாக இறங்கும். உடனே முதல் வேரியேஷனைப் போடுங்கள். மெட்டு காணாமல் போயிருக்கும், அந்த இறக்கம் அப்படியே இருக்கும். அது காதில் பிடிபட்டால் மீதி தானாக வரும். 25ஆவதை மட்டும் இரவில், தனியாகக் கேளுங்கள். சோகம் தோய்ந்த மைனர் சுருதியில், நகரவே மனமில்லாமல் நகரும். எனக்கு மொத்தப் படைப்பும் அதற்காகத்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாக் இதை ஹார்ப்சிகார்டுக்கு எழுதினார், தந்திகளை மீட்டி ஒலிக்கும் பழைய கீபோர்டு கருவி அது. அந்த ஒலி உறுத்தினால் பியானோ பதிவு போதும், பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1981இல் வாசித்தது நல்ல தொடக்கம். மனிதக் குரல்தான் வேண்டும் என்றால் மட்டும் பாக்கின் பி மைனர் மாஸ், குழுவாகப் பாடப்படும் வழிபாட்டு இசை.