காலில் மெட்டி இல்லாத மெட்டில்டா

கேள்வி: சிங்கப்பூர் பொங்கோலில் உள்ள மெட்டில்டா ஹவுஸ் என்ற பழைய வீட்டுப் பக்கமாக நடந்து போகும்போது, "மெட்டில்டான்னா என்ன அர்த்தம் பாட்டி?" என்று பேத்தி கேட்டாள். கைப்பேசியில் தேடினால் 'போரில் வல்லவள்' என்று வருகிறது. அப்படியே சொல்லிவிடலாமா?
– ஒரு பாட்டி, பொங்கோல்

பதில்: சொல்லலாம், ஆனால் பாதிதான் சரி. சின்ன வயதில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருவருக்கும் இதே பெயர். கல்யாணம் ஆகாதவர். காலில் மெட்டி இல்லாத அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மெட்டி டீச்சர்'. அர்த்தம் தெரிந்திருந்தால் பயந்திருப்போம்.

பழைய ஜெர்மன் மொழியில் 'மாஹ்ட்' என்றால் வலிமை, 'ஹில்ட்' என்றால் போர். ஆங்கில 'மைட்'டும் அந்த 'மாஹ்ட்'டின் உறவுதான். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாகப் படித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அப்பா பெயரில் ஒரு துண்டு, பாட்டி பெயரில் ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டுவதும் அவர்கள் வழக்கம். வடக்கே ஸ்காண்டிநேவியாவில் குன்ஹில்ட் என்று ஒரு பெயர் உண்டு. அதில் இரண்டு துண்டுக்குமே போர் என்றுதான் பொருள்! நம் வீடுகளில் அண்ணன் செல்வராஜ், தங்கை செல்வராணி என்று வைப்பதில்லையா, அந்த மாதிரி. எட்வர்ட், எட்மண்ட், எட்கர் மூன்றிலும் வரும் 'எட்' கூட நம்ம செல்வம்தான்.

ஆனால் ஒரு மெட்டில்டாவுக்குப் பெயர் அப்படியே பலித்தது. இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் மகள், 1102-இல் பிறந்தவர். 1135-இல் அப்பா இறந்ததும், அத்தை மகன் ஸ்டீபன் அரியணையில் ஏறிக்கொண்டார். 1141-இல் இவருடைய படை ஸ்டீபனையே சிறைபிடித்தது. முடிசூட லண்டனுக்குப் போனால், ஊர்மக்கள் விரட்டிவிட்டார்கள். மறுவருடம் டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டை முற்றுகையில் சிக்கியவர், வெள்ளை உடை போர்த்திக்கொண்டு, பனியோடு பனியாக இரவில் நடந்தே தப்பினார். பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், பெயரை மறக்கவே மாட்டாள். ஆனால் உறவுமுறையை விளக்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்: எதிரி ஸ்டீபனின் மனைவியும் மெட்டில்டா, இவர் பாட்டியும் மெட்டில்டா. அம்மாவோ ஈடித்தாகப் பிறந்து, பிறகு மெட்டில்டா ஆனவர்.

பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நடுவெழுத்துகள் தேய்ந்து, இதே பெயர் 'மாட்' என்றும் ஆனது. மாடு இல்லை, மாட்!

பொங்கோல் வீடு கேஷின் குடும்பத்தாருடையது, 1902-இல் கட்டியது. ரொம்ப நாள் பாழடைந்து, பேய்க்கதைக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு கொண்டோவின் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) கிளப் ஹவுஸ்.

கேள்வி: என் மகள் செயின்ட் ஹில்டாஸ் பள்ளியில் படிக்கிறாள். அந்த 'ஹில்டா' வேறா?
– ஓர் அப்பா, தெம்பனிஸ்

பதில்: அதே போர்தான், வலிமை மட்டும் கூட வரவில்லை. ஆனால் இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிறிஸ்தவ மடத்தை நடத்திய அந்த ஹில்டா, 680-இல் இறக்கும்வரை யாரோடும் வாளெடுத்துச் சண்டை போட்டவர் இல்லை. அரசர்களே அவரிடம் யோசனை கேட்டு வந்தார்களாம்.